டப்பா அக்கா கேட்காத கேள்வி

புதன்கிழமை காலை பதினொன்றரை இருக்கும். சலவை ஆலையில் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் இஸ்திரிக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். ஆலை வாசலில் நின்ற மருத்துவ வண்டியிலிருந்து இறங்கிய கையோடு ஓடி வந்திருந்தாள்.

“ஒண்ணுமே இல்லையாம்! டாக்டரம்மா கேமரா வச்சு நல்லாப் பாத்துட்டாங்க. எல்லாம் சுத்தமா இருக்காம். ஒரு வருஷம் கழிச்சு வந்தாப் போதுமாம்.”

தேநீர் இடைவேளைக்கு வந்திருந்த எட்டுப் பத்துப் பெண்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பாவம், நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சோதனையில் கோளாறு தெரிகிறது, நேரில் வரவும் என்று கடிதம் வந்ததிலிருந்து உயில் எழுதாத குறைதான். வீட்டில் எந்தப் பாத்திரம் யாருக்கு என்றுகூடச் சொல்லிவைத்துவிட்டாள்.

“அப்போ அந்தப் பெரிய குக்கர் எனக்குக் கிடையாதா?” என்றாள் ஒருத்தி.

“போடி இவளே! இன்னும் முப்பது வருஷத்துக்கு நான்தான் அதுல சமைப்பேன்.”

அறையே சிரித்தது. சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். தோளில் பை, பைக்குள் அடுக்கிய சோதனை டப்பாக்கள், கழுத்தில் ஆய்வு அலுவலகத்தின் அட்டை. எல்லாரும் அவளை டப்பா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரிக்காரியின் சிரிப்பையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே சிரிப்பைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளும் சிரித்திருக்கிறாள்.

டப்பா அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. ஆலைக்குப் பின்னால், தண்டவாளத்துக்கும் கழிவு வாய்க்காலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற வரிசை வீடுகளில் பிறந்தவள். அங்கே இருப்பவர்களை ஊர் ‘பின்பக்கத்தார்’ என்று சொல்லும்; மீதி ஊர் முன்பக்கம். இரண்டு தலைமுறைக்கு முன் வேலை தேடி எல்லை தாண்டி வந்தவர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர்கள் பின்பக்கத்தார்தான். முன்பக்கத்துப் பெண்களைவிடப் பின்பக்கத்துப் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மூன்று மடங்கு அதிகமாகச் சாகிறார்கள், முற்றிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள் என்று யாரோ கணக்கெடுத்தார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடந்தது. கடிதம் அனுப்பியும் வரவில்லை, காரணம் ஆர்வமின்மை என்று எழுதி மூடிவிட்டுப் போனார்கள்.

ஆர்வமின்மையாம்! ஈரப் படுக்கை விரிப்பைப் பத்து மணி நேரம் நின்றபடி சூட்டு உருளைக்குள் தள்ளுகிறவள் பின்பக்கத்துப் பெண். கழிப்பறைக்குப் போகவே மேஸ்திரியிடம் சீட்டு வாங்க வேண்டும். அவளைப் பார்த்து, அரைநாள் லீவு போட்டுவிட்டு முன்பக்கத்து ஆஸ்பத்திரியில் வந்து படு என்றால் ஆர்வம் எங்கிருந்து பொங்கும்?

இரண்டாவது ஆய்வை நடத்த வந்த டாக்டர் மேடம் கொஞ்சம் விவரமானவர். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், டப்பா அவர்களிடம் போகட்டும் என்றார். டப்பாவுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு சின்னத் தூரிகை. கழிப்பறைக்குள் போய்த் தானே எடுத்து, குழாயை மூடிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. இதைப் பெண்களிடம் எடுத்துச் சொல்லப் பின்பக்கத்திலேயே ஓர் ஆள் தேடினார்கள். வாய்த்துடுக்கு, கால்வலி இல்லாமை இரண்டும் சேர்ந்து வேலை இவளுக்குக் கிடைத்தது.

“காது குடையத் தெரியுமில்ல? அவ்வளவுதான்டி. இடம்தான் வேற,” என்பாள். வெட்கப்பட்டவள் சிரித்துவிடுவாள். சிரித்தவள் டப்பாவை வாங்கிவிடுவாள். நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் கொடுத்தார்கள். அலுவலகக் கூட்டத்தில் மேடம் எழுந்து நின்று கைதட்டினார். டப்பா அக்கா வீட்டுக்கு வந்து அதைப் புருஷனிடம் மூன்று முறை சொன்னாள்.

ஆனால் அந்தத் தொண்ணூற்றாறில் ஒரு முள் இருந்தது. ஆலைக்குள் நுழையக் கார்டு வேண்டும். கார்டு வேண்டுமென்றால் குடியிருப்புப் பத்திரம் வேண்டும். பின்பக்கத்தில் முதலில் வந்த குடும்பங்களிடம்தான் பத்திரம் உண்டு. பிறகு வந்தவர்களுக்கும், கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கும் கிடையாது. அதனால் ஒரு கார்டில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். அக்கா ஒரு வாரம், தங்கை ஒரு வாரம். அண்ணி காலையில், நாத்தனார் மாலையில். வாசல் காவலாளி கார்டைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். பின்பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம் என்பது முன்பக்கத்தின் நினைப்பு. அந்த நினைப்பு அவமானம்தான், ஆனாலும் அதில்தான் பாதிக் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

டப்பாவில் ஒட்டிய எண் கார்டின் எண். கார்டை நீட்டியவள் யார் என்று டப்பா அக்கா கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுத வேண்டும். கார்டில் முறைகேடு எது கண்ணில் பட்டாலும் நிர்வாகத்துக்குச் சொல்வோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆய்வையே ஆலைக்குள் விட்டிருந்தார்கள். தன் வாயால் எத்தனையோ பெண்களின் வேலை போக வேண்டாம் என்று கண்டும் காணாமல் இருந்துவிட்டாள்.

இப்போது இஸ்திரிக்காரி சிரிக்கிறாள். கிருமி வந்து தானாகவே போய்விடுவதும் உண்டு, மேடமே சொல்லியிருக்கிறார். அப்படியும் இருக்கலாம். ஆனால் வேறு மாதிரியும் இருக்கலாமே. வண்டி நாளை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மறுபடி வர நான்கு மாதம் ஆகும்.

பெண்கள் உருளைகளுக்குத் திரும்பியதும் டப்பா அக்கா இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொதிகலன் அறைச் சந்துக்குப் போனாள். அங்கே நீராவிக் குழாய்கள் போடும் சத்தத்தில் யார் பேசினாலும் வெளியே கேட்காது.

“டப்பா குடுத்த அன்னிக்கு நீ வேலைக்கு வந்தியா?”

“வராம? என் கார்டு, என் டப்பா.”

“அந்தத் தூரிகை என்ன கலரு?”

இஸ்திரிக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னக்கா போலீஸ் மாதிரி கேக்கறீங்க?”

“கலரைச் சொல்லு.”

“...வெள்ளை.”

“ஊதாடி! வெளிறிப் போன ஊதா. நீ அதைக் கண்ணால கூடப் பாக்கல. யாரு குடுத்தது?”

இஸ்திரிக்காரி மென்று விழுங்கினாள். பிறகு மெதுவாக வந்தது. அந்த மாதம் அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கார்டைக் கொழுந்தன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வேலை செய்த கடைசி வாரத்தில் உருளைச் சூட்டைக் கவனிக்காமல் ஒரு கட்டு விரிப்பைத் தீய்த்துவிட்டாள். தீய்த்தது அவள், பேர் கெட்டது கார்டுக்காரிக்கு. மேற்பார்வை வேலைக்கு வைத்திருந்த பட்டியலிலிருந்து இஸ்திரிக்காரியின் பேரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு ஓரகத்திகளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

“அப்புறம் எப்படிடி கடுதாசி வந்ததும் நீ பயந்த?”

“கடுதாசியில என் பேருல்ல இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் ஓடலக்கா. ஆலையில எத்தனையோ தடவை ரத்தம் எடுத்திருக்காங்க, அதுல ஏதோன்னு நெனச்சேன்.”

டப்பா அக்கா அவளைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டப்பா அக்கா அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தாள். கார்டு அவளுடையது. அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் அவளுடைய அக்கா அதில் வேலைக்குப் போனாள். அந்த வாரம் பார்த்து ஆலையில் மருத்துவ முகாம். “உன் பேர்ல என்னத்தையோ எடுத்துட்டாங்கடி,” என்று அக்கா வந்து சொல்லிச் சிரித்தாள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதில் இருந்த பேர் இவளுடையது. பேரைப் பார்த்ததும் பயமும் இவளுடையதாகிவிட்டது. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள், சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். பயம் போன சந்தோஷத்தில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்து முதலில் சொன்னது அக்காவிடம்தான். அக்காவும் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கடிதம் யாரைத் தேடி வந்தது என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அக்கா பதினாறு மாதம் கழித்து அதே புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதத்தில் ஒருநாள் நடு மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் இவளுக்குச் சட்டென்று புரிந்தது. கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது. அக்காவிடம் சொல்லவில்லை, புருஷனிடம் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. டப்பா தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறாளே, அந்தக் கால் வலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இஸ்திரிக்காரியின் ஓரகத்தி இப்போது முன்பக்கத்தில், ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள் என்று தெரிந்தது. இரண்டு பஸ் மாறி டப்பா அக்கா போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. விடுதியின் பின்புறத் தொட்டியில் ஆள் உயர அண்டாக்களுக்கு நடுவே ஒல்லியாக ஒருத்தி குனிந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும்.

“எந்த டப்பா? நான் அந்த ஆலைப் பக்கமே போனதில்லை,” என்றாள், தலை நிமிராமலே.

“உன் ஓரகத்தி எல்லாம் சொல்லிட்டா.”

“அவ சொல்லுவா. என் இங்கத்த வேலையும் போகணும், அவ்வளவுதானே அவளுக்கு? இங்கயும் நான் வேற ஒருத்தி பேர்லதான் இருக்கேன். போங்கக்கா, தலைக்கு மேல வேலை கெடக்கு.”

என்ன சொன்னாலும் பிடி கொடுக்கவில்லை. மேற்பார்வையாளன் சன்னல் வழியாக இரண்டு முறை எட்டிப் பார்த்தான். டப்பா அக்கா பையை ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் அண்டாவை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே தன் அக்காவின் கதையைச் சொன்னாள். பத்து வருஷத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த கதை, வாயைத் திறந்தபோது நான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை, கோபம்தான் வந்தது.

“நான் ஒண்ணும் இல்லேன்னு சிரிச்சேன் பாரு, அதை நெனச்சா எனக்கு என்னையே அறையணும் போல இருக்கும். நேத்து வரைக்கும் உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொருத்தி சாகறதை என்னால பாக்க முடியாதும்மா. வந்துடு.”

ஓரகத்தியின் கை நின்றுபோனது. குழாயிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மாசமா அப்பப்போ ரத்தம் படுது,” என்றாள் மெதுவாக. “மாசா மாசம் வர்ற அது இல்லக்கா, அது முடிஞ்சப்புறமும் படுது. கனம் தூக்கறதாலன்னு நெனச்சேன்.”

“நாளைக்கு நாலு மணிக்குள்ள ஆலை வாசலுக்கு வா.”

“யார் பேர்லக்கா வர்றது?”

“நீ வா, பேரை நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணி ஆனது. அவள் வரவில்லை. நாலே கால் ஆனது. வண்டிக்குள் நர்ஸ் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். டப்பா அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ் நிறுத்தம் வரை போவாள், திரும்பி வருவாள். டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்தபோது அவனை அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு இரண்டு பெண்கள் தெருமுனையில் திரும்பினார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி விட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நடந்து வந்தார்கள். விடுதிக்கே போய் ஒற்றைக் காலில் நின்று அவளைக் கூட்டி வந்தது இஸ்திரிக்காரிதான். வந்ததும் கார்டை எடுத்து டப்பா அக்காவின் உள்ளங்கையில் திணித்தாள்.

“இதையே காட்டட்டும். நேத்துப் பாத்தது பத்தல, சந்தேகமா இருக்குன்னு சொல்லி இன்னொரு தடவை பாக்கச் சொல்லலாம். மேடம் நேத்து எத்தனையோ பேரைப் பாத்தாங்க, எந்த மூஞ்சி யாருதுன்னு அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?”

கார்டு கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. டப்பா அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல யோசனைதான். இதுவரை இவர்கள் எல்லாரும் பிழைத்தது இப்படித்தான். யாருக்கும் வேலை போகாது. மேடத்தின் தொண்ணூற்றாறும் தொண்ணூற்றாறாகவே இருக்கும். ஆனால் சதையை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு யார் வீட்டுக்கு வரும்? பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்? கூப்பிடும்போது எழுந்து போவது யார்?

கார்டை இஸ்திரிக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள்.

“மேடம், நேத்து நீங்க பாத்த பொம்பளை டப்பாவே குடுக்கல. குடுத்தவ வெளிய நிக்கறா. கார்டு ஒருத்தியோடது, உடம்பு இன்னொருத்தியோடது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஒரு கார்டு மட்டும்தானா?”

“இல்ல மேடம்.”

“எத்தனை?”

“தெரியாது. கேக்கக் கூடாதுன்னே நான் கேக்கல. கேட்டா எழுதணும். எழுதினா அவங்களுக்கு வேலை போயிடும்.”

“எட்டு மாச வேலைங்க!” மேடத்தின் குரல் உடைந்தது. “எந்த ரிசல்ட் யாருதுன்னே தெரியாம தொண்ணூத்தாறு பேருக்குக் கடிதம் அனுப்பியிருக்கேன். என் கையெழுத்து போட்டு! உங்களை நம்பித்தானே...”

டப்பா அக்கா சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. “என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க மேடம். அவளை மட்டும் பாத்துடுங்க. மணி நாலு நாப்பது.”

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு நர்ஸிடம், பெட்டியைத் திற என்று கைகாட்டினார். நர்ஸ் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ஏறி வந்த ஓரகத்தியிடம் பேரைக் கேட்டாள். அவள் டப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“உன் பேரைச் சொல்லும்மா. உங்கம்மா வச்ச பேரு.”

அவள் சொன்ன குரல் நர்ஸுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னாள்.

இருபது நிமிஷம். வெளியே இஸ்திரிக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேற்றுத் தனக்காகப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தாள். “விரிப்பு தீய்ஞ்சா என்ன, நான் ஒருத்தி பேசாம இருந்துட்டேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து மணிச் சங்கு ஊதியது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான்.

மேடம் கதவைத் திறந்து டப்பா அக்காவை மட்டும் அருகில் கூப்பிட்டார்.

“இருக்கு,” என்றார். “ஆனா பரவல மாதிரிதான் தெரியுது. திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும், நானே இருப்பேன். நாலு மாசம் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆலைக்கு நான் என்ன எழுதறதுன்னு இன்னும் தெரியல. உங்களைப் பத்தியும் பேசணும்.”

“பேசுங்க மேடம்,” என்றாள் டப்பா அக்கா. வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தாள். வேலை விட்ட பெண்கள் வழக்கம்போலப் பின்பக்கத்துக்குத் திரும்பாமல் வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். இஸ்திரிக்காரியின் வாய் சும்மா இருந்திருக்காது. உடை மாற்றும் அறையில் முந்தின நாள் மாலையிலேயே எல்லாம் தெரிந்துபோயிருந்தது. குக்கர் கேட்டவள் முன்னால் வந்தாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை. கையில் நான்காக மடித்த கடிதம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வந்தது, ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று மேடம் கையெழுத்திட்டது.

“அக்கா,” என்றாள். “என் கார்டுல டப்பா குடுத்தது என் தங்கச்சி. நான் இல்ல. அப்போ இந்த ‘ஒண்ணுமில்ல’ அவளோடதுதானே? எனக்கு என்னன்னு யாருக்குத் தெரியும்?”

பின்னால் நின்றவர்களின் கைகளிலும் கடிதங்கள் இருந்தன. கார்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதை ஆலை வாசலில், காவலாளியின் கண்ணெதிரே நின்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். காவலாளி முதல்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் அந்த வரிசையைப் பார்த்தார். எட்டிக் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டி, “இன்ஜினை நிறுத்துங்க,” என்றார்.

டப்பா அக்கா படியிலிருந்து எழுந்தாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். குக்கர்காரி பழக்கதோஷத்தில் கார்டை நீட்டினாள். டப்பா அக்கா அதை வாங்கவில்லை. பத்து வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள்தான், கல்யாணங்களுக்கு ஒன்றாகப் போய் வந்தவள்தான். இருந்தாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கார்டு இருக்கட்டும். நீ யாரும்மா?”